பல்லுக்குக் கொழும்பு போன மச்சாள்

எங்கட மச்சாளிட்ட ஒரு கேள்வி கேக்கிறதெண்டால் யோசிச்சுத்தான் கேக்கோணும். நாங்கள் மற்றாக்களிட்டக் கேக்கிற கேள்வியளில பாதி பதிலுக்காகக் கேக்கிறேல்லை. "இந்தச் சீலை எனக்கு வடிவோ?" எண்டு கேட்டால், "ஓம், நல்ல வடிவு" எண்ட ஒரு சொல்லுக்காகத்தான் கேக்கிறது. மச்சாளிட்டக் கேட்டால் கண்ணாடியை மூக்கில ஏத்தி, என்னை ஒருக்காச் சுத்திப் பார்த்து, "துணி நல்லது. நிறம் உமக்குப் பொருந்தேல்லை" எண்டுவா. கலியாணம் முடிச்சு மன்னார் ரவுணுக்கு வந்த புதுசில இதைக் கேட்டுக் குசினிக்குள்ள போய் அழுதனான். பேந்து பழகிப் போச்சு.

அவ என்ர மனுசனுக்கு ஒரேயொரு அக்கா. தாய் தேப்பன் இல்லாத வீட்டில அவதான் அவரை வளர்த்தவ. கலியாணம் செய்யேல்லை. ஒருக்காப் பேசி வந்தது. தரகர் வயதைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருந்தார், அது எல்லாரும் செய்யிறதுதானே. மாப்பிள்ளையின்ர தாய் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, "பிள்ளைக்குச் சமையல் தெரியுமோ?" எண்டு சும்மா கேட்டிருக்கிறா. "தெரியாது மாமி. இந்தப் பலகாரமும் கடையில வாங்கினது. வயதும் தரகர் சொன்னதில்லை" எண்டு கேக்காததையும் சேர்த்துச் சொல்லிப்போட்டா. வந்தவை தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்காமலே எழும்பிப் போயிட்டினம். மச்சாளுக்கு அதில ஒரு கவலையுமில்லை. "பிழையான தரவை வைச்சுக்கொண்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது" எண்டு என்ர மனுசனுக்கு விளக்கம் வேற.

அவ படிச்சது உடற்றொழிலியல். நெஞ்சு எப்பிடி அடிக்குது, வேர்வை ஏன் வருது, பசிச்சால் வயித்துக்குள்ள என்ன நடக்குது, அதுதான் அவவின்ர படிப்பு. பல்கலைக்கழகத்தில உதவி விரிவுரையாளரா இருந்தவ. ஊர்ச்சனம் "டொக்டரோ?" எண்டு கேக்கும். "இல்லை. டொக்டர்மார் வருத்தம் வந்த உடம்பைப் பார்ப்பினம். வருத்தமில்லாத உடம்பு எப்பிடி வேலை செய்யுதெண்டு நான் பார்க்கிறன்" எண்டுவா. "வருத்தமில்லாட்டில் ஏன் பிள்ளை அதைப் பார்க்கோணும்?" எண்டு பக்கத்து வீட்டு மனுசி ஒருக்காக் கேட்டா. மச்சாள் சந்தோசப்பட்டுப் போனா. அந்த மனுசியை இருத்தி வைச்சு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைச்சா. பாவம், அந்த மனுசி அதுக்குப் பிறகு எங்கட பக்கம் கொஞ்சக் காலம் வரேல்லை.

சண்டை கூடிப் பல்கலைக்கழகத்தைப் பூட்டினவுடன அவ வீட்டுக்கு வந்தா. வரேக்க ஒரு சூட்கேசும் ஒரு பித்தளை உருளையும் கொண்டு வந்தா. கைமோகிராப் எண்டு பேர். பழசெண்டு கழிச்சு விட்டதைக் கேட்டு வாங்கினவவாம். உருளையில கடுதாசியைச் சுத்தி, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில பிடிச்சுக் கறுப்பாக்கோணும். உள்ளுக்கு இருக்கிற மணிக்கூடு ஓட உருளை மெல்லச் சுத்தும். தவளைத் தொடை துடிக்கேக்க ஒரு ஊசி அசைஞ்சு அந்தக் கரியில வெள்ளைக் கோடு கீறும். அவ்வளவுதான் அந்தச் சாமான்.

அதைக் கொண்டு மன்னார்ப் பாலத்தடி ஆமிச் சென்றியைக் கடந்து வந்த கதையை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும். ஆமிக்காரன் துணியை விலக்கிப் பார்த்திட்டு "மேக்க மொகக்த?" எண்டு, இது என்னெண்டு சிங்களத்தில கேட்டிருக்கிறான். வேற ஆரெண்டால் "பழைய பித்தளைச் சாமான்" எண்டு சொல்லிப்போட்டு வந்திருப்பினம். மச்சாள் தனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில, "இதுக்குள்ள ஒரு மணிக்கூடு ஓடுது" எண்டு சொல்லியிருக்கிறா! சென்றியில, துணியால சுத்தின ஒரு சாமானைக் கையில வைச்சுக்கொண்டு, மணிக்கூடு ஓடுதாம்! பஸ்ஸில வந்த சனம் முழுக்கக் குண்டெண்டு நினைச்சு இறங்கி ஓடிச்சுதாம். அவவைப் பாலத்தில முழங்காலில இருத்திப்போட்டு, அவங்கட பெரியவன் வந்து பார்த்து விடுமட்டும் வெயிலில வைச்சிருந்தவங்கள். வீட்டுக்கு வந்து முழங்காலில மருந்து பூசேக்க நான் பேசினனான்.

"ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உள்ளுக்கு மணிக்கூடுதானே இருக்கு. வேற என்னத்தைச் சொல்ல?"

கொஞ்ச நாளில நாங்களும் மன்னார்த் தீவை விட்டு ஓட வேண்டி வந்திட்டுது. வெள்ளாங்குளத்துப் பக்கம் என்ர அப்பாவின்ர வயல் இருந்தது. அங்க ஒரு கொட்டில் போட்டம். அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்த என்ர மனுசன் மண்வெட்டி பிடிச்சார். நான் ரெண்டு பிள்ளையளோட அடுப்படியில. மச்சாள் மரத்துக்குக் கீழ நடந்த பள்ளிக்குடத்தில விஞ்ஞானம் படிப்பிச்சா, சம்பளம் ஒண்டுமில்லாமல். பெட்டையள் "ரீச்சர், நாங்கள் சோதினை பாஸ் பண்ணுவமோ?" எண்டு கேட்டால், "எனக்குத் தெரியாது. சோதினை நடக்குமோ எண்டதும் தெரியாது. ஆனால் இந்தப் பாடம் சரியான பாடம்" எண்டுவா. அதுகளுக்கு அவவில நல்ல விருப்பம்.

மற்றச் சனத்துக்கு அவவின்ர வாயில பயம். மலையகத்தில இருந்து வந்து குடியேறின ஒரு பொம்பிளை, கூலி வேலைக்கு வாறவ, காய்ச்சலில கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சரம்மா, சொகமாயிருமா?" எண்டு கேட்டா. நான் பின்னால நிண்டு, ஓமெண்டு சொல்லுங்கோ எண்டு கையைக் காட்டுறன். மச்சாள் பிள்ளையின்ர நாடியைப் பிடிச்சுப் பார்த்திட்டு, "எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். நான் சைக்கிள் உழக்குறன், நீங்கள் பின்னால ஏறுங்கோ" எண்டா. குண்டும் குழியுமான றோட்டில, மேல ஆமி ஹெலி சுத்த, உழக்கிக்கொண்டு போனா. பிள்ளை தப்பிச்சுது. வந்தவுடன, "சுகமாகுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு ஆறுதலா இருந்திருக்குமெல்லே?" எண்டு கேட்டன். "ஆறுதலா இருந்திருக்கும். பிள்ளையோட வீட்டயே இருந்திருப்பா" எண்டா.

மண்ணெண்ணெயைக் கண்ணில காணேலாத காலம் அது. ஜாம் போத்தலில திரி போட்டு, துளித் துளியா எரிப்பம். அவ பகலில அந்த விளக்கைக் கொளுத்திக் கடுதாசிக்குப் புகை பிடிப்பா! எனக்குப் பத்திக்கொண்டு வரும். "மச்சாள், பிள்ளையள் இருட்டுக்குள்ள சாப்பிடுதுகள், நீங்கள் தவளைக்கு வெளிச்சம் பிடிக்கிறியள்" எண்டு கத்துவன். "என்ர பங்கு எண்ணெயிலதான் பிள்ளை, நான் ராவில விளக்குக் கொளுத்திறேல்லைத்தானே" எண்டுவா. அதுவும் உண்மைதான். எங்கட வெளிச்சத்துக்குக் கிட்டவும் வராமல் அங்கால இருட்டுக்குள்ளதான் இருப்பா. உண்மையே கதைக்கிற ஆளோட சண்டை பிடிக்கிறது பெரிய கரைச்சல் கண்டியளோ.

தன்ர ஆராய்ச்சிக்கெண்டு தம்பியையும் விடேல்லை. வயலுக்குப் போக முதல் அவரை நெல்லு மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தராசில ஏத்தி நிறுப்பா. வேலை முடிஞ்சு வரேக்கயும் நிறுப்பா. முதுகில துணி ஒட்டி வேர்வை எடுப்பா. வெயிலில பாடுபடுகிற உடம்பு தண்ணியையும் உப்பையும் எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்குது எண்டதுதான் அவவின்ர கேள்வி. மில்லுக்காரன், "கிளாக்கர் ஐயா என்ன, சம்பா நெல்லோ மொட்டைக்கறுப்பன் நெல்லோ?" எண்டு பகிடி விடுவான். மனுசன் அக்கா சொன்னால் தராசிலயும் ஏறுவார், கிணத்துக்குள்ளயும் குதிப்பார்.

அந்தக் கேள்வியை எழுதிப் போட்டதுக்குத்தான் இங்கிலாந்தில இருந்து கடிதம் வந்தது. அங்க ஒரு பேராசிரியர் அவவைக் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்திருந்தார். புலமைப்பரிசிலும் இருந்தது. முடிச்சு வந்தால் இந்த நாட்டில எந்தப் பல்கலைக்கழகத்திலயும் உடற்றொழிலியல் படிப்பிக்கலாம். சின்ன வயதில இருந்து அவ கேட்டது அந்த ஒண்டைத்தான். கடிதம் எங்கையெங்கையோ சுத்தி வந்து சேரேக்க முதல் தவணை முடிஞ்சு போச்சு. அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைச்சினம். இந்த முறையும் வராட்டில் இடம் இல்லை எண்டு எழுதியிருந்தினம். அந்தக் கடிதத்தை மச்சாள் அண்டைக்கு மூண்டு தரம் வாசிச்சா.

போறதெண்டால் சும்மா போகேலாது. எங்கட பக்கத்தை விட்டு வெளியில போக இயக்கப் பெடியளிட்டப் பாஸ் எடுக்கோணும். ஏன் போறம், எப்ப வருவம் எண்டு சொல்லோணும். ஒரு ஆள் பிணை நிக்கோணும். போன ஆள் சொன்ன நாளுக்குத் திரும்பி வராட்டில் பிணை நிண்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போவினம். எங்க, எத்தினை நாள், என்ன செய்வினம் எண்டு ஒருதருக்கும் சரியாத் தெரியாது. ஒவ்வொருதரும் ஒவ்வொரு கதை சொல்லுவினம். வெளிநாட்டுக்குப் போற சனமெல்லாம் கலியாண வீடு, செத்த வீடு, வைத்தியம் எண்டு ஏதாவது சொல்லிப்போட்டுத்தான் போறது. அது பொய்யெண்டே நாங்கள் நினைக்கிறேல்லை. மூச்சு விடுகிற மாதிரி.

மச்சாள் தனியப் போனா பாஸ் கந்தோருக்கு.

"என்ன விசயம் அக்கா?"

"படிக்கப் போறன் தம்பி. இங்கிலாந்துக்கு. நாலஞ்சு வருஷம் எடுக்கும்."

அங்க மேசையில இருந்த பெடியன் எழுதத் தொடங்கின பாஸ் துண்டை அங்கால தள்ளி வைச்சானாம். பேந்து, "படிச்ச ஆக்கள் எல்லாரும் போனால் இஞ்ச இந்தச் சனத்தோட ஆரக்கா இருக்கிறது?" எண்டு கேட்டானாம். பாஸ் இல்லை. வீட்டுக்கு வந்தவ கோவிக்கவுமில்லை, அழவுமில்லை. "அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி" எண்டு சொல்லிக்கொண்டு கதிரையில இருந்தா. எனக்கெண்டால் அந்தக் கதிரையைத் தூக்கி எறியோணும் போல இருந்தது. "நல்ல கேள்வியாம்! உங்களுக்கு விசரோ மச்சாள்?"

அண்டையில இருந்து எங்கட கொட்டிலில புதுப் பள்ளிக்குடம் ஒண்டு தொடங்கிச்சுது. மச்சாளுக்குப் பொய் சொல்லப் பழக்கிற பள்ளிக்குடம். நான் அகப்பையைக் கையில வைச்சுக்கொண்டு பெடியன் மாதிரி இருப்பன்.

"என்னத்துக்குப் போறீங்கள் அக்கா?"

"மாமிக்கு வருத்தம்."

"என்ன வருத்தம்?"

"அது... எனக்கு மாமி இல்லையே பிள்ளை."

"ஐயோ கடவுளே!" எண்டு நான் அகப்பையால என்ர தலையிலயே அடிச்சுக்கொள்ளுவன். பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவவும் சிரிப்பா. ஆனால் வராது. நல்லாப் படிச்ச மனுசி, பெரிய பெரிய புத்தகமெல்லாம் கரைச்சுக் குடிச்சவ, இந்தச் சின்னப் பொய்யில திரும்பத் திரும்பப் பெயிலானா. நாள் போய்க்கொண்டிருக்குது. எங்களுக்கு உள்ளுக்குப் பயம் பிடிச்சிட்டுது.

கடைசியில மனுசன்தான் வழி கண்டார். அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லொண்டு கனகாலமாச் சூத்தை. ராவில நோவால முனகுவா. இஞ்ச பல்லு டொக்டர் இல்லை. "அக்கா, பல்லுக் காட்டக் கொழும்புக்குப் போறன் எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே?" மச்சாள் நல்லா யோசிச்சா. நாக்கால பல்லைத் தொட்டுப் பார்த்தா. "பொய்யில்லை" எண்டா. பிணைக்குத் தான் நிக்கிறதெண்டு அவர் அதே மூச்சில சொன்னார். நான் பிள்ளையள் ரெண்டையும் பார்த்தன். ஆனால் தாய் மாதிரி வளர்த்த அக்கா. நான் என்னத்தைச் சொல்ல?

இந்த முறை மூண்டு பேரும் போனம். அதே பெடியன். பல்லைப் பற்றி மச்சாள் விலாவாரியாச் சொன்னா, எந்தப் பல்லு, எந்த நரம்பு எண்டு. அவன் தலையைக் குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தான். ஒரு மாதத் தவணை. பிணையில என்ர மனுசன் கையெழுத்து வைச்சார். எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் மூச்சு விடேக்க, அவன் நிமிர்ந்து கேட்டான்.

"அக்கா, திரும்பி வருவீங்கள்தானே?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் அவவைப் பழக்கேல்லை. மறந்து போனம். மச்சாள் தம்பியைப் பார்த்தா. திருக்கேதீஸ்வரத்தானே, இந்த ஒருக்கா மட்டும் இவவின்ர வாயைத் திருப்பி விடு எண்டு கும்பிட்டன்.

"ஓம் தம்பி. வருவன்."

வெளியில வந்தவுடன நான் அவவைக் கட்டிப் பிடிச்சன். "மச்சாளுக்குப் பொய் சொல்ல வந்திட்டுது!" எண்டு றோட்டில நிண்டு கூத்தாடினன். மனுசனும் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சார். அண்டைக்கு வீட்டில இருந்த கடைசிச் சீனியைப் போட்டுப் பாயசம் காய்ச்சினன். மச்சாள் ஒரு கிண்ணம் குடிச்சிட்டு, "நல்லாயிருக்கு" எண்டா.

வெளிக்கிடேக்க என்ர கலியாணக் கம்பளிப் போர்வையை மடிச்சு அவவின்ர பையுக்குள்ள வைச்சன். குளிர் நாடெல்லே. உழவு மெசினில ஏத்தி விட்டிட்டு மனுசன், "அக்கா, எங்களை யோசிக்காதேங்கோ. திரும்பிப் பாராமல் போங்கோ. நான் சமாளிப்பன்" எண்டு சொன்னார். அவ அவரின்ர தலையைத் தடவினா. உழவு மெசின் வளைவில திரும்புமட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனா.

பேந்து வவுனியாவில இருந்து வந்த ஒரு ஆள் சொன்னார், கொழும்பில விசா கிடைச்சிட்டுதாம், ரிக்கெற்றும் வந்திட்டுதாம். நாங்கள் ஆரிட்டயும் சொல்லேலாது. ரெண்டு பேரும் கண்ணால சிரிச்சம். அதுக்குப் பிறகு பயம். தவணை முடியிற கிழமை மனுசன் ஒரு பையில சாரம், துவாய், பற்பொடி எல்லாம் எடுத்து வைச்சார், கூப்பிட்டால் போகிறதுக்கு. பிள்ளையளுக்கு அப்பா வயல் வேலைக்குத் தூர இடம் போறார் எண்டு சொன்னன். படலையில ஆர் சைக்கிள் மணி அடிச்சாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தன். ஆனால் சத்தியமாச் சொல்லுறன், அவ வரோணுமெண்டு நான் ஒரு நாளும் நினைக்கேல்லை. பிளேன் ஏறியிருப்பா, ஏறியிருப்பா எண்டுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

தவணை முடியிறதுக்கு முதல் நாள் மத்தியானம். நான் மா இடிச்சுக்கொண்டிருக்கிறன். படலையைத் திறந்துகொண்டு மச்சாள் வாறா. உடம்பு முழுக்கப் புழுதி. கையில அதே பை. ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போயிருக்கு.

உலக்கையைப் போட்டிட்டு ஓடினன். "ஏன் வந்தனீங்கள்? ஐயோ, ஏன் வந்தனீங்கள்?" எண்டு அவவின்ர ரெண்டு தோளையும் பிடிச்சு உலுப்பினன். மனுசன் வயலுக்கால ஓடி வந்து, சேத்துக் காலோட அப்பிடியே முத்தத்தில குந்திட்டார்.

"வருவன் எண்டு சொன்னனான்தானே" எண்டா மச்சாள். வாயின்ர ஒரு பக்கத்தால கதைச்சா. பல்லையும் புடுங்கிப்போட்டு வந்திருக்கிறா!

அப்பத்தான் எனக்கு விளங்கினது. அவவுக்குப் பொய் சொல்ல வரேல்லை. சொன்னதை உண்மையாக்கத்தான் தெரிஞ்சது. நான் அந்தப் புழுதியிலயே இருந்து அழுதன். மனுசனை இனி ஆரும் கொண்டு போகமாட்டினம் எண்ட நிம்மதியும் அந்த அழுகைக்குள்ள இருந்தது, அவவின்ர படிப்பு போச்சே எண்ட ஆத்திரமும் இருந்தது. எதுக்கு அழுகிறன் எண்டு எனக்கே தெரியேல்லை. அவ கையைக் காலைக் கழுவிப்போட்டு வந்து, "பிள்ளை, கஞ்சி இருக்கோ? கடிக்க ஏலாது" எண்டு கேட்டா. காய்ச்சிக் குடுத்தன். வேற என்ன செய்ய?

அடுத்த நாள் பாஸைத் திருப்பிக் குடுக்கக் கந்தோருக்குப் போனம், மூண்டு பேரும். பெடியன் பாஸைப் பார்த்தான். பேந்து மச்சாளின்ர முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, ஏன் வந்தனீங்கள்?"

"இண்டையோட தவணை முடியுது தம்பி."

அவன் பேனையை மேசையில வைச்சான். "ஒரு பல்லுக்கு ஆரக்கா கொழும்புக்குப் போறது? முதல் வந்து படிக்கப் போறன் எண்டு சொன்னதும் நீங்கள்தானே. எல்லாம் தெரிஞ்சுதானே எழுதித் தந்தனான்."

நான் மேசையைப் பிடிச்சுக்கொண்டு, "அப்ப இவரை? வராட்டில் இவரை என்ன செய்திருப்பியள்?" எண்டு கேட்டன்.

"கூப்பிட்டு விசாரிப்பம். கொஞ்ச நாள் பங்கர்க் கிடங்கு வெட்ட விட்டிட்டு அனுப்பியிருப்பம். பிள்ளைகுட்டிக்காரர், வேற என்னத்தைச் செய்யிறது?"

அவன் சொன்னது உண்மையோ, எங்களைப் பார்த்துப் பரிதாபத்தில சொன்னானோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் கெஞ்சினன். "தம்பி, அப்ப இன்னொருக்காத் தாங்கோ. இண்டைக்கே வெளிக்கிட்டால் பிளேனை இன்னும் பிடிக்கலாம்."

"ஒருக்காப் போய் வந்தாக்களுக்கு வருஷம் முடியாமல் திருப்பிக் குடுக்கேலாதக்கா. மேலிடத்து ஓடர். என்ர கையில இல்லை." சின்னப் பெடியன்தான், எங்கட மச்சாளிட்டப் படிக்கிற வயது.

மச்சாள் கண்ணாடியைச் சரி செய்து, "வேற எங்கையும் நான் கையெழுத்து வைக்கோணுமோ தம்பி?" எண்டு கேட்டா. இல்லையெண்டான். வணக்கம் சொல்லிப்போட்டு வெளியில வந்தா.

சைக்கிளை மரத்தில சாத்தி விட்டிருந்தம். மனுசன் அதை எடுத்தார். ஏறேல்லை. ஹான்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், குனிஞ்சபடியே சொன்னார்.

"பங்கர்தானே அக்கா. நான் வெட்டியிருப்பன்."

மச்சாள் வீங்கின கன்னத்தில கையை வைச்சுக்கொண்டு நிண்டா.

"எத்தினையெண்டாலும் வெட்டியிருப்பன் அக்கா" எண்டு சொல்லிப்போட்டு அவர் குழந்தைப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். எங்கள் மூண்டு பேருக்கும் சைக்கிள் ஒண்டுதான். அதை உருட்டிக்கொண்டு நடந்து வந்தம்.